தீனி பழகாத காக்டெயில் குஞ்சை வாங்கலாமா?

கேள்வி (திருநகரிலிருந்து ஒரு வாசகி): மகளின் பிறந்தநாளுக்காக 2,500 ரூபாய் கொடுத்து ஒரு காக்டெயில் (கொண்டையுள்ள சிறு கிளி வகை) குஞ்சு வாங்கினோம். வயது 45 நாள் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் உடம்பில் பாதி இடம் இன்னும் முள் முள்ளாக இருக்கிறது; தானாகத் தின்னத் தெரியவில்லை. குழந்தைகளுக்கான டப்பா மாவை வெந்நீரில் கரைத்துச் சிரிஞ்சில் ஊட்டவும், இரவும் பகலும் 60 வாட் பல்பை எரிய விடவும் சொன்னார்கள். கையால் ஊட்டி வளர்த்தால்தான் நம்மிடம் பழகும் என்கிறார்கள். எவ்வளவு, எத்தனை முறை ஊட்டுவது?

பதில்: முதலில் வயதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஊட்டும் அளவும் இடைவெளியும் அதைப் பொறுத்தவை. காக்டெயில் குஞ்சுக்குப் பத்தாம் நாளை ஒட்டிக் கண் திறக்கும்; இரண்டாவது வாரத்தில் முள் இறகுகள் தோன்றி, மூன்றாவது வாரத்தில் அவற்றின் உறை உடைந்து இறகு விரியத் தொடங்கும்; நான்கு வாரம் முடியும்போது உடல் ஏறக்குறைய மூடிவிடும்; ஐந்தாவது வாரத்தில் பறக்கப் பார்க்கும். 45 நாள் குஞ்சு அறைக்குள் பறந்து திரிய வேண்டும். நீங்கள் சொல்லும் அடையாளங்களின்படி உங்களிடம் இருப்பது மூன்று வாரத்தைச் சற்றே தாண்டிய குஞ்சு. அது முழுமையாகத் தீனிக்கு மாற எட்டு முதல் பத்து வாரம் வரை ஆகும் என்பதால், இன்னும் ஐந்து முதல் ஏழு வாரம் வரை ஊட்டும் பொறுப்பு உங்களுடையது. கடைக்காரர் செய்திருக்க வேண்டிய வேலையையும், அதிலுள்ள ஆபத்தையும் விலை வாங்கிக்கொண்டு உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

டப்பா மாவை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் பால்பொடியும் சர்க்கரையும் இருக்கும். பாலிலுள்ள சர்க்கரையைப் பறவைகளால் சரியாகச் செரிக்க முடியாது, வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் போதிய அளவில் இராது. கிளிக் குஞ்சுகளுக்கென்றே தயாரிக்கப்படும் ஹேண்ட் ஃபீடிங் பொடி பறவைத் தீவனம் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். உறை பிரிக்காத பாக்கெட்டாக, காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். மூட்டையிலிருந்து பிரித்துப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பொடி எப்போது வந்தது, எதனுடன் கலந்தது என்று யாருக்கும் தெரியாது.

பாக்கெட்டில் போட்டுள்ள விகிதப்படி, கொதிக்க வைத்து ஆறிய நீரை மீண்டும் சூடாக்கிக் கரைக்க வேண்டும். ஊட்டும்போது கலவையின் சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள், அதாவது ஏறத்தாழ 102 முதல் 106 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருப்பது நல்லது. புறங்கையில் தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். மருந்துக் கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் காய்ச்சல் மானியின் நுனியைக் கலக்கிய மாவில் வைத்தாலே போதும், இந்த வரம்பை அது காட்டிவிடும். (அந்த மானியை இனி வீட்டில் வேறு யாருக்கும் வைக்காதீர்கள்.) சூடு 43 டிகிரியைத் தாண்டினால் தீனிப்பை உள்ளே வெந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துக் கழுத்துக்குக் கீழே தோல் கருத்து, ஓட்டை விழுந்து, ஊட்டிய மாவு வெளியே கசியும். மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் ஒரு மூலை ஆறியும் ஒரு மூலை கொதித்தும் இருக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். ஆறிப்போன மாவும் ஆகாது. குஞ்சு மறுக்கும், மறுக்காமல் விழுங்கினாலும் செரிமானம் மந்தமாகும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு வேளைக்குக் குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 70 கிராம் குஞ்சுக்கு ஏறத்தாழ 7 மில்லி. ஆகவே கிராம் காட்டும் சிறிய சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். தினமும் காலையில் முதல் வேளை ஊட்டுவதற்கு முன் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த வயதில் எடை ஏறிக்கொண்டே வர வேண்டும். பறக்கத் தொடங்கும் வாரத்தில் சிறிது குறைவது இயல்பு. அதற்கு முன் இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இப்போதைக்குக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணிக்குள் நான்கு வேளை போதும். நடு இரவில் எழுந்து ஊட்டத் தேவையில்லை. ஐந்து வாரத்துக்கு மேல் மூன்று வேளை, பிறகு இரண்டு, கடைசியில் இரவு ஒரு வேளை என்று குஞ்சே குறைத்துக்கொள்ளும்.

சிரிஞ்சைக் குஞ்சின் இடப்பக்க அலகோரத்தில் வைத்து, அதன் வலப்பக்கத் தொண்டையை நோக்கிச் சாய்த்து, அது தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டி விழுங்கும்போது மட்டும் அழுத்துங்கள். ஆட்டாத குஞ்சின் வாயில் மாவைத் தள்ளினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கைக்குஞ்சுகள் சாவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. நிரம்பிய தீனிப்பை மெத்தென்று இருக்க வேண்டும், பலூன் போல விறைக்கக் கூடாது. இரவு ஊட்டியது காலையில் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். காலையிலும் பை நிறைந்திருந்தாலோ, வாயில் புளித்த வாடை வந்தாலோ, மேற்கொண்டு ஊட்டாமல், கையால் பிதுக்கியும் பார்க்காமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மீந்த மாவை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். சிரிஞ்சைக் கழுவி வெந்நீரில் முக்கி எடுங்கள். குஞ்சின் மார்பில் ஒழுகிய மாவையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு தேடி வரும். எறும்புக்காகச் சுற்றிலும் சாக்பீஸ் மருந்தால் கோடு போட்டுவிடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி. பெட்டியை ஒரு முக்காலியில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாலே போதும்.

பல்பு விஷயத்தில் கடைக்காரரின் யோசனை மதுரை வெயிலுக்குப் பொருந்தாது. இறகு பாதி வந்த குஞ்சுக்கு 27 முதல் 29 டிகிரி வெப்பம் போதுமானது. சித்திரை வைகாசியில் நம் வீடுகளுக்குள் இரவிலேயே அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் வெப்பம் அதிகம் என்று பொருள். மார்கழி இரவில் உடலைக் குறுக்கி நடுங்கினால் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் குறைந்த வாட் பல்பு போடலாம். சூடு தாங்காவிட்டால் மறு மூலைக்கு நகர அதற்கு இடம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து பெட்டியின் தரையில் தினை, சாமை, முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்து நசுக்கிய மக்காச்சோளம் ஆகியவற்றைத் தூவி வையுங்கள். கொறித்துப் பார்த்துக் கீழே போடும், பிறகு தின்னும். தட்டையான கிண்ணத்தில் தண்ணீரும் அப்போதிலிருந்து போதும். தினையும் சாமையும் கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் கிடைப்பவையே. வெளிநாட்டுப் படம் போட்ட பாக்கெட்டுக்கு மூன்று மடங்கு விலை தர அவசியமில்லை. ஆனால் தானியத்தை மட்டும் தின்று வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைபாடு வரும் என்பதால், துருவிய கேரட், முருங்கைக்கீரை, கொத்தமல்லி ஆகியவற்றையும் சிறு வயதிலேயே பழக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும் கணவாய் ஓடு போதுமானது. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, டீ, வெங்காயம், உப்பிட்ட தின்பண்டம் எதுவும் கூடாது. அடுப்பில் காயும் நான்ஸ்டிக் சட்டியின் புகை பறவையை நிமிடங்களில் கொல்லக்கூடியது. கொசுவத்திச் சுருளும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம்.

கையால் ஊட்டினால்தான் பழகும் என்பது வியாபாரப் பேச்சு. தானாகத் தின்னும் எட்டு, பத்து வாரக் குஞ்சிடம் தினமும் சிறிது நேரம் உட்கார்ந்து, உள்ளங்கையில் தினைக் கதிரை நீட்டி வந்தால் சில வாரங்களில் தோளில் ஏறிக்கொள்ளும். காக்டெயில் இயல்பிலேயே சாதுவான பறவை.

கேள்வி (மேலூர் வாசகர்): நான் வாங்கிய காக்டெயில் குஞ்சு நான்காம் நாளே இறந்துவிட்டது. 'உயிருள்ள பொருளுக்குக் கியாரண்டி இல்லை' என்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை. பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: வழி உண்டு, ஆனால் எளிதல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அசையும் சொத்து எதுவும் பொருளே. விலைக்கு வாங்கிய பறவையும் அதில் அடங்கும். பில் தராமல் விற்பதையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பல சிறு பிணக்குகள் அங்கேயே தீர்கின்றன. தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

சிக்கல் சான்றில்தான் இருக்கிறது. நீங்கள் தவறாக ஊட்டியதால் இறந்தது என்று கடைக்காரர் சொல்வார். உங்கள் கையிலோ சாவுக்கான காரணத்தைக் காட்டும் காகிதம் இல்லை. ஆகவே இதுபோல நேர்ந்தால், இறந்த பறவையைப் பையில் சுற்றி, ஃப்ரீசரில் வைக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து, மறுநாளே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று உடற்கூறு ஆய்வு செய்து தருமாறு கேட்க வேண்டும். பணத்தை ரொக்கமாகத் தராமல் மொபைலில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு உங்களுக்குச் சான்று. வாட்ஸ்அப்பில் வயது, விலை குறித்து நடந்த பேச்சையும் அழிக்காதீர்கள். செல்லப்பிராணிக் கடைகள் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்ட பிறகு பேச்சு மாறுவதும் உண்டு.

கேள்வி (ஆனையூர் வாசகர்): ஒரு மாதக் குஞ்சை 'ஆண்தான், நன்றாக விசிலடிக்கும்' என்று சொல்லி 500 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். சாதாரணச் சாம்பல் நிறக் காக்டெயிலில் முதல் இறகு உதிர்வு வரை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரை, ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். அதன் பிறகுதான் ஆணின் முகம் மஞ்சளாகத் தெளியும். பெண்ணுக்கு வால் இறகின் அடியில் உள்ள கோடுகள் மறையாமல் இருக்கும். இப்போதே தெரிய வேண்டுமானால் இறகை வைத்துச் செய்யும் டிஎன்ஏ சோதனை ஒன்றுதான் வழி. சோதனைச் சீட்டைக் காட்டினால் கூடுதல் விலையைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி (அதே வாசகர்): காக்டெயிலுடன் சேர்த்து வளர்க்க ஒரு பச்சைக்கிளிக் குஞ்சும் தருவதாகச் சொல்கிறார். அனுமதி தேவையா?

பதில்: அனுமதி பெற்றும் வளர்க்க முடியாது. பச்சைக்கிளி நம் நாட்டுப் பறவை என்பதால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். வாங்கியவர் மீதும் வழக்கு வரும். காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை, கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து விற்கப்படுவது, ஆகவே அதற்கு இந்தத் தடை இல்லை. பச்சைக்கிளியை மறைவாக விற்கும் கடையில் காக்டெயிலையும் வாங்காதீர்கள். எங்கிருந்தோ பிடித்து வந்த பறவையின் நோய் பக்கத்துக் கூண்டுக்கும் பரவியிருக்கக்கூடும்.