பதில்: தெர்மல் ட்ரோனில் யானை தெரியவில்லை

வால்பாறையில் காலை பதினொரு மணிக்கு யானையைத் தேடி தெர்மல் ட்ரோன் (சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா உள்ளது; சூடானது வெள்ளையாகவும் குளிர்ந்தது கறுப்பாகவும் தெரியும்) விட்டால் பாறை, தார்ச்சாலை எல்லாமே வெள்ளையாகத் தெரிகிறது, யானை எது என்றே புரியவில்லை என்கிறீர்கள். கேமராவில் கோளாறு இல்லை, நேரம்தான் தப்பு. வெயில் ஏறினால் பாறையும் யானையும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்கு வந்துவிடும், அப்புறம் எந்த செட்டிங்கை மாற்றியும் பெரிய பயன் இல்லை. விடியும் முன் பறக்க விடுங்கள், தேயிலைச் செடி குளிர்ந்து கறுப்பாக இருக்கும்போது யானை பளிச்சென்று தெரியும், காதை விசிறுவதுகூடத் தெரியும்.

சோலைக்காட்டுக்குள் புகுந்துவிட்டால் அவ்வளவுதான், இலைக்கூரையைத் தாண்டி தெர்மல் பார்க்காது. மூடுபனியிலும் படம் மங்கும். ரொம்பத் தாழப் பறக்காதீர்கள், அந்த ரீங்காரம் தேனீக் கூட்டம் மாதிரி கேட்டு யானை மிரண்டு ஓடும், பக்கத்திலேயே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் (வரிசை) வீடுகள் வேறு.

வனத்துறை அனுமதி வாங்கிவிட்டீர்கள்தானே?