கரண்டி படாத பினக்பெட்

அன்புள்ள ஐயா,

பிலிப்பைன்ஸில் லாவோக் நகரில் வேலை பார்க்கிறேன். நான் தங்கியிருக்கும், இலோக்கானோ என்னும் வடபகுதி இனத்தார் வீட்டுப் பாட்டி, விசேஷ நாட்களில் இறந்தவர்களுக்குத் தனித் தட்டில் வைத்த பிறகே மற்றவர்களைச் சாப்பிட விடுகிறார். பினக்பெட் என்னும் காய்கறிக் குழம்பைக் கிண்டினால் கசக்கும் என்று கரண்டியையும் பிடுங்கிவிடுகிறார். இரண்டுமே மூடநம்பிக்கை என்கிறான் பேரன். நான் பூசணி சேர்த்துக் கிண்டிச் சமைத்தேன், கசந்தது. அந்தப் படையலை இந்தத் தலைமுறையும் தொடரத்தான் வேண்டுமா? முருங்கையை இங்கே 'மருங்கை' என்கிறார்கள், நம் சொல்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படையலுக்கு அங்கே 'அத்தாங்' என்று பெயர். ஒட்டரிசிப் பலகாரம், அவித்த முட்டை, கரும்புச்சாற்றைக் காய்ச்சிப் புளிக்கவைத்த 'பாசி' மது, வெற்றிலை, புகையிலை எல்லாம் வைப்பார்கள். வைக்காவிட்டால் இறந்தவர் மனம் வருந்தி, வீட்டில் யாராவது நோயில் விழுவார்கள் என்பது நம்பிக்கை. தொடர்வதை அந்த வீட்டார் முடிவு செய்யட்டும். மருங்கையைப் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கோழிச்சாற்றில் போடுவார்கள்; சொல்லாராய்ச்சி இன்னொரு நாள்.

கரண்டியையும் பேரன் அதே மூட்டையில் கட்டிவிட்டானே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. காரணம் சொல்லாமல் கைமாறிய சமையல் விதியை எல்லாம் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்று கொஞ்ச நாளாகவே மனம் அடித்துக்கொள்கிறது. நீங்கள் கிண்டினீர்கள், கசந்தது. அதன் பிறகும் இதை மூடநம்பிக்கை என்கிறானா!

பினக்பெட் என்றால் சுருங்க வைத்தது. சிறிய பாகற்காய், நம் மிதிபாகல் மாதிரி. அதையும் கத்தரிப் பிஞ்சையும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கீறுவதுபோல் காம்பு விடாமல் நான்காகக் கீற வேண்டும். வெண்டை முழுசாக. அரைக் கிலோ காய்க்கு இரண்டு மேசைக்கரண்டி 'புக்குவோங்': மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு போட்டு, ஜாடியில் மாதக்கணக்கில் ஊறியது. அரைக் கோப்பை வெந்நீரில் கரைத்து முள்ளை வடிகட்டுங்கள். தனியாக உப்பு வேண்டாம். அடியில் இஞ்சி, தக்காளி, மேலே காய்கள். மூடிச் சிறுதீயில் வையுங்கள். தண்ணீர் கூடினால் அது தினெங்தெங் ஆகிவிடும், அது வேறு பதார்த்தம். பூசணியும் இறால் விழுதும் மணிலா பக்கத்துத் தகலோக்காரர்கள் சேர்ப்பது.

பாதி வெந்த காயில் கரண்டி பட்டால் கத்தரி குழையும், வெண்டை கொழகொழக்கும், பாகல் நசுங்கிக் கசப்புச் சாறு குழம்பெல்லாம் இறங்கும். அதனால்தான் துணியால் மூடியை அழுத்திப் பிடித்து, பானையோடு தூக்கி இரண்டு மூன்று முறை குலுக்குகிறார் பாட்டி. அடுத்த முறை அவர் பக்கத்தில் இருக்கும்போதே பேரன் கையில் பானையைக் கொடுங்கள். கத்தரித் தோல் சுருங்கி, அடியில் கொஞ்சம் சாறு மிச்சம் இருக்கும்போது இறக்கச் சொல்லுங்கள்.