38 வைத்தால் முதுகில் அடிக்கத்தான் செய்யும்

கார் டயரில் காற்று 38 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்கிறது, மேடு பள்ளத்தில் முதுகில் அடிக்கிறது, குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். குறையுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் உங்கள் காருக்குச் சரி. சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச வரம்பு, அதைப் பார்க்காதீர்கள்.

'மைலேஜ் கிடைக்கும்' என்று காற்றடிப்பவர் கூட்டி வைத்திருப்பார். எனக்கும் தருமபுரியில் அப்படித்தான் நடந்தது.

காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்து பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓட்டி வந்த சூட்டில் அளந்தால் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

சொகுசுக்காகத் தூணில் இருக்கும் அளவுக்கும் கீழே போகவே வேண்டாம். ஐந்து பேரும் மாம்பழக் கூடைகளுமாகத் தொப்பூர் மலைப்பாதையில் இறங்கும்போது காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கலாம். முழுப் பாரத்துக்குத் தனி அளவு அந்தத் தூணிலேயே போட்டிருக்கும்.

அதற்குப் பிறகும் வேகத்தடையில் 'டக்' என்றால் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.