குறளில் வரும் ‘களைகட்டல்’ என்றால் என்ன? ‘திருவிழா களைகட்டியது’ என்பதும் அதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. எழுத்து ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. பள்ளியில் எனக்கே இந்தக் குறளைத் தவறாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வயலில் பிடுங்கிய களையைக் கட்டுக்கட்டாகக் கட்டி வைப்பதாம். மன்னார்குடிப் பக்கம் நடவு வயலுக்கு நடுவே வளர்ந்தவன் நான். பறித்த களையை யாரும் கட்டி வைத்து நான் பார்த்ததில்லை. சேற்றுக்குள் காலால் அழுத்தி மிதித்துவிடுவார்கள், இல்லையென்றால் வரப்பில் வீசுவார்கள். அன்றிலிருந்தே இந்தச் சொல் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

நீங்கள் கேட்கும் குறள் 550-ஆவது:

கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்.

கொலை செய்யும் கொடியவர்களை அரசன் தண்டிப்பது, பயிரைக் காக்க உழவன் களையை எடுப்பதற்குச் சமம் என்பது பொருள். (பைங்கூழ் என்றால் பச்சைப் பயிர். குடிக்கிற கூழ் இல்லை.) சீருக்காக ‘களைகட் டதனொடு’ என்று பிரித்து அச்சிடுவதால் கண் தடுமாறுகிறது. சேர்த்துப் படித்தால் ‘களை கட்டதனொடு’.

இதில் இருக்கும் வினை ‘கட்டு’ இல்லை, ‘கள்’. களைதல், பிடுங்கி நீக்குதல் என்று பொருள். கேள் என்பது கேட்டான், கேட்ட என்று ஆகிறதல்லவா? அதே மாதிரி கள் என்பது கட்டான், கட்ட என்று ஆகும். கயிற்றால் கட்டுகிற ‘கட்டு’ என்றால் கட்டினான், கட்டிய என்றுதான் வரும். எங்கள் ஊரில் வயலுக்கு நீர் பாய்ச்சுவதைத் தண்ணி கட்டுவது என்போம். ‘தண்ணி கட்டியாச்சு’ என்று சொல்வோமே தவிர ‘கட்டாச்சு’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வள்ளுவர் கட்டியதனொடு என்று சொல்லவில்லை, கட்டதனொடு என்கிறார். அந்த ஒரு ‘இ’ இல்லாததுதான் சான்று.

உழவு அதிகாரத்திலும் இதே வினை வருகிறது, குறள் 1038: ‘ஏரினும் நன்றால் எருவிடுதல் கட்டபின் நீரினும் நன்றதன் காப்பு’. உழுவதைவிட எரு இடுவது நல்லது. களை எடுத்த பிறகு, நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பது நல்லது. இங்கே ‘களை’ என்ற சொல்லே இல்லை. ‘கட்டபின்’ என்று வினையை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார். உழவர்களுக்கு நடுவே அது போதும் என்கிற அளவுக்கு அன்று இந்த வினை புழங்கியிருக்க வேண்டும். எனக்கு இந்தக் குறளில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது அந்த வினை பேச்சில் இல்லை. ஆனால் அதன் குடும்பம் இருக்கிறது. குறை களைதல், உடை களைதல் என்கிறோமே, அது இதன் உறவு. களை என்ற பெயரும் அப்படித்தான்: களையப்படுவதால் களை. அதாவது அந்தச் செடிக்குப் பெயரே நாம் அதைச் செய்வதிலிருந்து வந்திருக்கிறது. வயலில் கரிசலாங்கண்ணியும் ஆரைக்கீரையும் முளைத்தால் அவை களை. அதையே பறித்து மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் அன்று இரவுக் குழம்புக்குக் கீரை.

களை எடுப்பது வெறும் பிடுங்கல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நட்டு பதினைந்து, இருபது நாளில் முதல் கைக்களை. அந்த வயதில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பத்து வயதில் நான் அத்தையோடு வயலில் இறங்கி நல்ல பயிரைப் பிடுங்கிவிட்டேன். அத்தை திட்டவில்லை. இரண்டையும் இரண்டு கையில் பிடித்து, தாளை மெல்ல விலக்கிக் காட்டினார்கள். “இங்க பாரு தம்பி, நெல்லுக்குக் கழுத்துல நாக்கு இருக்கும். புல்லுக்கு மொழுக்குன்னு இருக்கும்.” தாள் தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய வெள்ளைச் சவ்வு நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் மயிர் முளைத்த சின்னக் காது மாதிரி ஒன்று. புல்லில் இரண்டுமே இல்லை. இன்றும் வயலில் இறங்கினால் என் விரல் முதலில் அந்தக் கழுத்தைத்தான் தேடும். பயிரோடு பயிராக நிற்பதை அடையாளம் கண்டு எடுப்பதுதான் ‘கள்’ என்ற வினை. அரசனுக்கு அதை உவமை சொன்னது எவ்வளவு பொருத்தம் என்று அந்தக் கழுத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருவிழாவுக்கு வருவோம். அங்கே வரும் ‘களை’ முகக்களை. பொலிவு, ஒளி. “முகத்தில் களையே இல்லையே” என்கிறோமே, அந்தக் களை. அகராதியில் இது தனிச் சொல். பொலிவு கூடியது என்பதைத்தான் களைகட்டியது என்கிறோம். இங்கே கட்டுதல் சாதாரணக் கட்டுதல்தான், அதனால்தான் ‘களைகட்டியது’ என்று ‘இ’ வருகிறது.

இன்று எழுதும்போது என்ன செய்வது? ‘வயலில் களை கட்டார்கள்’ என்று எழுதினால் இலக்கணப்படி சரி, ஆனால் படிப்பவர்கள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள். நன்செய் என்றால் களை எடுத்தார்கள், களை பறித்தார்கள் என்று எழுதுங்கள். புன்செய்க் காட்டில் களைக்கொத்தோடு நடக்கிற வேலை என்றால் களை வெட்டினார்கள் அல்லது கொத்தினார்கள். குறளை விளக்கும்போது மட்டும் ‘களைகட்டல்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘களை எடுத்தல்’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.