கறுத்த ஓடையும் தாளின் மறுபக்கமும்

மதிப்பிற்குரிய ஐயா,

மகளைப் பார்க்க நியூயார்க் சென்றிருந்தபோது, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஈரானிய அரசர்களின் கதையைச் சொல்லும் ஷாநாமா காவியத்தின் ஓவியம் ஒன்றைக் கண்டேன். ஈரானிய மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காகச் செய்யப்பட்டது என்று குறிப்பு இருந்தது. நீலமும் பொன்னும் நேற்றுத் தீட்டியவை போல இருக்க, ஓடை மட்டும் கரியாகக் கிடந்தது ஏன்? இவ்வளவு அழகான காட்சியை நடுவில் கட்டம் கட்டி எழுத்துகளால் மறைத்தது ஏன்?

செ. கு., திருச்சி

அன்புள்ள செ. கு.,

ஓடையைக் கருமையாகத் தீட்ட வேண்டும் என்று அந்த ஓவியர் நினைத்திருக்கமாட்டார். பாரசீக ஓவியர்கள் நீரைக் காட்ட வெள்ளியைப் பொடித்துப் பசையில் குழைத்துப் பூசினார்கள். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி நாளடைவில் கறுத்துவிட்டது. பொன்னுக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டு வெள்ளி விளக்கு என்றால் விபூதி போட்டுத் துலக்கிவிடுவோம், தாளில் பூசியதை என்ன செய்வது? நீங்கள் வியந்த நீலம், ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டி எடுக்கப்பட்ட லாஜவர்தம் என்னும் நீலக் கல்லை அரைத்துப் பெற்றதாக இருக்கும். கல்லின் நிறம் என்பதால் மங்காமல் நிற்கிறது.

‘மறைத்தது’ என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தாளில் முதலில் வந்தவை எழுத்துகள்தாம். பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி 1010இல் முடித்த, ஏறத்தாழ 50,000 ஈரடிகள் கொண்ட காவியத்தை, 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரானின் தப்ரீஸ் நகரத்து அரசவைப் பட்டறையில் நஸ்தலீக் என்னும் பாரசீக எழுத்து வடிவில் படியெடுத்தார்கள். எழுதுபவர் கதையில் எந்த இடத்தில் ஓவியம் வரவேண்டுமோ அங்கே வெற்றிடம் விட்டு, அந்தக் கணத்துக்குரிய ஈரடிகளை மட்டும் அதனுள் அமைத்துக் கொடுப்பார். ஓவியர் அவற்றைச் சுற்றித்தான் மலையையும் மன்னனையும் தீட்டவேண்டும். சுல்தான் முகமது என்ற ஓவியர் வரைந்த, காவியத்தின் முதல் மன்னன் கயூமர்ஸின் அரசவைக் காட்சியில், பாறைகள் கட்டத்தை மீறி ஓரத்துப் பொன்தூவிய தாளுக்குள் ஏறிச் செல்வதைப் பார்த்தால், இந்தக் கட்டுப்பாடே அவருக்கு விளையாட்டாக இருந்தது என்று தோன்றுகிறது.

ஓவியங்கள் 258 இருந்த அந்த நூலை, 1568இல் ஷா தஹ்மாஸ்ப் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் சலீமுக்குப் பரிசாக அனுப்பினார். இஸ்தான்புல் அரண்மனையில் அது பூட்டிவைத்த பொருளாக இருந்துவிடவில்லை. 1800ஐ ஒட்டி அங்கிருந்த அதிகாரி ஒருவர், ஒவ்வொரு ஓவியத்துக்கும் எதிரே ஒரு தாளைச் சேர்த்து, கதைச் சுருக்கத்தைத் துருக்கியில் எழுதிவைத்தார். எழுத்தையும் படத்தையும் சேர்த்தே வாசித்த மனிதர் அவர்.

பிறகு நூல் பாரிஸின் ரோத்சைல்ட் குடும்பத்துக்குப் போய், 1959இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆர்தர் ஹோட்டன் கைக்கு வந்தது. அவர் நூலின் கட்டைப் பிரித்துத் தாள்களைத் தனித்தனியாக்கினார். 1970இல் 78 ஓவியங்களை, தாமே நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த மெட்ரோபாலிட்டனுக்குக் கொடுத்தார். வேறு சிலவற்றை 1976 முதல் ஏலத்தில் விட்டார். கயூமர்ஸ் இன்று கனடாவின் டொராண்டோவில் ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். எஞ்சிய 118 ஓவியங்களையும் எழுத்துத் தாள்களையும் அட்டையையும், ஹோட்டன் இறந்தபின், 1994இல் வியன்னா விமான நிலையத்தில் நவீன ஓவியர் வில்லெம் டி கூனிங்கின் ஓவியம் ஒன்றைக் கொடுத்து ஈரான் மீட்டுக்கொண்டது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக இருந்ததை இப்படிக் கூறுபோட்டதை, சேகரிப்பாளரின் உரிமை என்று என்னால் கடந்துபோக முடிவதில்லை.

நீங்கள் பார்த்த தாளுக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. சட்டமிட்டு மாட்டும்போது அது சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. மெட்ரோபாலிட்டன் 2011இல் 258 ஓவியங்களையும் பழைய வரிசைப்படி ஒரே தொகுதியாக அச்சிட்டது. அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போகும்போது அங்குள்ள நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஓடைக்கு முன்னும் பின்னும் எந்தக் காட்சிகள் வந்தன என்பது தெரியும்.