பழைய கைரம்பம்: துருவைச் சுரண்டும் முன் பார்க்க வேண்டியவை (கேள்வி பதில்)

பழைய கைரம்பங்களை வாங்கிச் சேர்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் டிஸ்டன் ரம்பத்தைப் பற்றியவை. அதிகம் கிடைப்பதும் அதுதான். ஒரு வேண்டுகோள்: ரம்பம் கைக்கு வந்ததும் எமரித் தாளைத் தேடாதீர்கள். இரண்டு பக்கத்தையும், கைப்பிடியைத் தகட்டோடு பிணைக்கும் நட்டுகளையும், பல் ஓரத்தையும் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வயதைச் சொல்லும் அடையாளங்களில் பாதி முதல் அரைமணி நேரச் சுத்தத்திலேயே போய்விடுகின்றன.

கேள்வி (நியூ ஜெர்சி): பழைய சாமான் சந்தையில் 26 அங்குல ரம்பம் ஒன்று வாங்கினேன். கைப்பிடியில் உள்ள பித்தளைப் பதக்கத்தில் "எச். டிஸ்டன் அண்ட் சன்ஸ், பிலாடா" என்று இருக்கிறது. எந்த வருடத்தது?

பதக்கம் ஒரு காலகட்டத்தைக் காட்டும். வருடத்தைக் காட்டாது. ஹென்றி டிஸ்டன் 1840-ல் பிலடெல்பியாவில் தொழில் தொடங்கினார். 1865-ல் மூத்த மகன் ஹாமில்டன் கூட்டாளியானதும் பதக்கத்தில் "அண்ட் சன்" என்று ஒருமையில் வந்தது. 1871 வாக்கில் மற்ற மகன்களும் சேர, அது "சன்ஸ்" ஆனது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி "ஸ்". ஒருமையில் இருந்தால் ஆறு வருட இடைவெளிக்குள் வந்துவிட்டீர்கள். சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான்.

உங்களுடையது பன்மை, ஊர்ப்பெயரும் "பிலாடா" என்று இருக்கிறது. 1870-களிலிருந்து சுமார் 1917 வரை அப்படித்தான் போட்டார்கள். அதன் பிறகு "பிலா" என்று சுருங்கி, கூடவே "யுஎஸ்ஏ" சேர்ந்தது. இந்த நீண்ட காலத்தை மேலும் குறுக்க நட்டைப் பாருங்கள். 1870-களின் நடுப்பகுதி வரை நட்டு தட்டையாக மரத்தோடு மட்டமாக இருக்கும், குறுக்கே முழு நீளத்துக்கும் பிளவு ஓடும். பிந்தியவை தலை லேசாகக் குவிந்து மரத்துக்கு மேல் நிற்கும். சில நட்டுகளில் டிசம்பர் 27, 1887 என்ற காப்புரிமைத் தேதி இருக்கும். அதைச் செய்த தேதியாகப் படித்துவிடாதீர்கள். ரம்பம் அதற்கு முந்தியதல்ல, அவ்வளவுதான்.

இன்னொன்று: பதக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். கைப்பிடி உடைந்தால் வேறு ரம்பத்தின் கைப்பிடியைக் கழற்றிப் போடுவது அந்தக் காலத்திலேயே வழக்கம். நட்டுகளைக் கழற்றித் தகட்டைப் பாருங்கள். கைப்பிடி மூடியிருந்த இடம் வெளிறிப்போய் ஒரு நிழல்போல் தெரியும். அந்த நிழலின் ஓரமும் இப்போதுள்ள கைப்பிடியின் ஓரமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டாலோ, தகட்டில் பயன்படாத துளை இருந்தாலோ அது ஒட்டுப்போட்ட ரம்பம். அறுக்க நன்றாக இருக்கலாம், ஆனால் அந்தப் பதக்கத்தை வைத்துத் தகட்டுக்கு வயது சொல்ல முடியாது.

கேள்வி: என் பதக்கத்தில் கழுகுப் படமும் "வாரண்டட் சுப்பீரியர்" என்ற எழுத்தும் மட்டுமே. இது எந்தக் கம்பெனி?

அது கம்பெனிப் பெயரல்ல. டிஸ்டன் உட்படப் பல ஆலைகள் இரண்டாம் தர ரம்பத்துக்கும், இரும்புக் கடைகளின் சொந்தப் பெயரில் விற்கப் போன ரம்பத்துக்கும் போட்ட பொதுப் பதக்கம். தகட்டின் நடுவில் ஆலைப் பெயரின் பொறிப்பு மிஞ்சியிருந்தால்தான் யார் செய்தது என்று தெரியும். அதுவும் இல்லையென்றால் பெயரில்லாத ரம்பம்தான். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

கேள்வி: தகடு முழுக்கத் துரு. வினிகரில் ஊறவைக்கலாமா? பொறிப்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வினிகர் வேண்டாம். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியும் வேண்டாம். பொறிப்பு என்பதே அமிலத்தால் தகட்டின் மேல்தோலில் அரித்த எழுத்து. அதன் ஆழம் மிகக் குறைவு. மறுபடி அமிலத்தில் போட்டால் எழுத்துக்கும் சுற்றியுள்ள இரும்புக்கும் வேறுபாடு போய், தகடு ஒரே சாம்பல் நிறமாகிவிடும். கம்பிப் பிரஷ் பூட்டிய கிரைண்டரும் அதே சேதத்தை வேகமாகச் செய்யும்.

கைப்பிடியைக் கழற்றிவிட்டுத் தகட்டை ஒரு பலகையில் படுக்க வையுங்கள். மண்ணெண்ணெயோ மெல்லிய மெஷின் எண்ணெயோ தடவி, பெயின்ட் சுரண்டும் ஒற்றை பிளேடைக் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் பிடித்துத் தள்ளுங்கள். மேல் துரு பொருக்குப் பொருக்காக வந்துவிடும். பிளேடைத் தூக்கிப் பிடித்தால் கீறல் விழும். அடுத்து, 320 அல்லது 400 எண் தண்ணீர்த் தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, அதே எண்ணெயோடு நீளவாக்கில் தேயுங்கள். கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கி அதையும் தேய்த்துவிடும். கட்டை மேட்டை மட்டும் தொடும், பள்ளம் கறுப்பாக நிற்கும்.

டிஸ்டன் பொறிப்பு கைப்பிடி வலப்பக்கம் இருக்கும்படி பிடித்தால் முன்னால் தெரியும் முகத்தில், தகட்டின் நடுப்பகுதியில் இருக்கும். அந்த இடத்தை முதலில் 600 எண் தாளால் மட்டும் தொட்டுப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால், துப்பாக்கி இரும்பைக் கறுப்பாக்க விற்கும், சூடாக்காமலே பூசும் கரைசலை எண்ணெய்ப் பசை போகத் துடைத்த தகட்டில் தடவி, ஒரு நிமிடம் விட்டு, துடைத்து, மறுபடி 600 எண் தாளைக் கட்டையில் வைத்து இரண்டு இழுப்பு இழுங்கள். மேடு வெளுக்கும், எழுத்து கறுப்பாகத் தங்கும். அந்தக் கரைசலில் பெரும்பாலும் செலினியஸ் அமிலம் உண்டு. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

பளபளவென்று கண்ணாடி ஆக்கத் தேவையில்லை. நிறம் கறுத்து, தொட்டால் வழவழப்பாக இருக்கும் தகடுதான் சேகரிப்பவருக்குப் பிடிக்கும்.

கேள்வி: பிளவு நட்டைத் திருப்ப எந்தக் கருவி? சாதாரண ஸ்க்ரூடிரைவர் வழுக்குகிறது.

வழுக்கத்தான் செய்யும். நட்டின் நடுவில் திருகின் முனை நிற்பதால் ஸ்க்ரூடிரைவர் பிளவுக்குள் முழுதாக இறங்காது. ஒரு பழைய அகல ஸ்க்ரூடிரைவரின் முனை நடுவில், அந்தத் திருகு புகும் அளவுக்கு அரத்தால் ஒரு பள்ளம் வெட்டுங்கள். இரண்டு காதும் பிளவின் இரண்டு பக்கத்திலும் உட்காரும். முந்தின நாளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். மறுபக்கத் தலைக்கு அடியில் உள்ள சதுரக் கழுத்துதான் அதைச் சுழலாமல் பிடிக்கிறது. மரம் தேய்ந்திருந்தால் தலையும் கூடவே சுற்றும், அப்போது தலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். எந்த நட்டு எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து வையுங்கள், ஒன்றின் மறை மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம்.

கேள்வி (டொரண்டோ): அப்பப்பாவின்ர பெட்டிக்குள்ள முதுகில பித்தளை வைச்ச, மரம் அரியிற ஒரு சின்ன வாள் கிடக்குது. "காஸ்ட் ஸ்டீல், ஷெஃபீல்ட்" எண்டு அடிச்சிருக்கு. நட்டில பிளவு இருக்கு. அப்ப இது 1870க்கு முந்தினதோ?

இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. பிளவு நட்டுக் கணக்கு டிஸ்டனுக்கு உரியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆலைகள் அதை இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் போட்டுக்கொண்டிருந்தன. "காஸ்ட் ஸ்டீல்" என்றால் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில், உருக்கிய எஃகு. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் கொண்டுவந்த முறை அது. அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் பல ஆலைகள் இந்தச் சொல்லை அடித்தன, எனவே அது எஃகின் வகையைச் சொல்லுமே தவிர வயதைச் சொல்லாது. வயதுக்கு ஆலையின் பெயரும் தெரு முகவரியும் வேண்டும். பித்தளை முதுகில் கைப்பிடிக்கு அருகே சாய்வு வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பெயர் கிடைத்தால் ஷெஃபீல்டின் பழைய வணிகர் விவரப் பட்டியல்களில் அந்த முகவரி எந்த ஆண்டுகளில் இருந்தது என்று தேடலாம்.

பித்தளையைப் பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், முத்திரையின் ஓரங்கள் மழுங்கிவிடும். தகடு அலைபோல் நெளிந்திருந்தால் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் முதுகுப் பித்தளை ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கும். மரச் சுத்தியலால் மேல்நோக்கி மெதுவாகத் தட்டிச் சரிசெய்தால் தகடு நேராகும்.

கேள்வி: வாங்கும்போது "தேய்ந்துபோன ரம்பம்" என்று எப்படித் தெரியும்?

பொறிப்புக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். செய்தபோது பொறிப்பு தகட்டின் அகலத்தில் ஏறக்குறைய நடுவில் இருந்தது. இப்போது எழுத்தின் அடிவரி பல்லுக்குப் பக்கத்தில் நின்றால், பலமுறை அரம் போட்டு அவ்வளவு இரும்பும் போய்விட்டது என்று பொருள். நுனி அளவுக்கு மீறிக் கூராக இருப்பதும் அதே அறிகுறி. ஆனால் சில மாதிரிகளை ஆலையே குறுகலாக, எடை குறைவாகச் செய்தது. அவற்றில் பொறிப்பு நடுவிலேயே இருக்கும்.

அடுத்து, பல் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே துப்பாக்கிபோல் பிடித்துப் பாருங்கள். நீண்ட மெல்லிய வளைவு என்றால் எதிர்ப்பக்கம் வளைத்தே பெரும்பாலும் நிமிர்த்தலாம். ஒரே இடத்தில் மடிப்பு என்றால் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் எடுக்க வேண்டும், அது பழகிய கைக்கே சரிவரும். கைப்பிடிக்கு அருகே தகட்டில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நல்ல ரம்பத்தின் தகடு ஒரே தடிமனாக இருக்காது. பல் ஓரம் நெடுக ஒரே அளவு, முதுகுப் பக்கம் நுனியை நோக்கி மெலியும். மைக்ரோமீட்டரில் பல் ஓரம் 0.036 அங்குலம் காட்டினால், நுனியில் முதுகு 0.025 பக்கம் வரலாம். இப்படி இழைத்த தகடு மரத்துக்குள் சிக்காது, பல்லை ஒன்றுவிட்டு ஒன்று இரண்டு பக்கமும் வளைத்துச் சாய்ப்பது குறைவாக இருந்தால் போதும். மலிவு ரம்பம் எங்கே அளந்தாலும் ஒரே எண்தான் காட்டும்.

கேள்வி: கைப்பிடிக்குக் கீழே தகட்டில் 8 என்று குத்தியிருக்கிறது. எட்டாம் நம்பர் மாடலா?

மாடல் எண் அல்ல. ஓர் அங்குலத்தில் எத்தனை பல்முனை என்பது அது. தொடங்கும் முனையையும் முடியும் முனையையும் சேர்த்து எண்ணும் கணக்கு, ஆகவே 8 முனை என்றால் 7 முழுப் பல். நீளவாக்கில் பிளக்கும் ரம்பத்துக்கு ஐந்தரை, குறுக்கே அறுப்பதற்கு 8, 10 என்பது வழக்கம். ஆனால் பின்னால் யாராவது பல்லை மாற்றி வெட்டியிருக்கலாம், எனவே அளவுகோல் வைத்து எண்ணுங்கள். பிளக்கும் பல்லின் முனை உளிபோல் தட்டையாக நிற்கும். குறுக்குப் பல் கத்தி முனைபோல் மாறி மாறிச் சாய்ந்திருக்கும்.

கேள்வி: தகட்டின் முதுகில் நுனிக்கு அருகே ஒரு சின்ன மொட்டு எதற்கு?

அழகுக்கு. வேலைக்குப் பயனில்லை என்று டிஸ்டன் கம்பெனியே சொல்லியிருக்கிறது. உடைந்துபோயிருந்தால் புதிதாக வெட்டி உண்டாக்காதீர்கள், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கேள்வி: சிறுத்தைத் தலை செதுக்கிய கைப்பிடியோடு ஒரு ரம்பம் விலைக்கு வருகிறது. நம்பலாமா?

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து வுட்ரோ அண்ட் மெக்பார்லின் ஆலையின் புகழ்பெற்ற கைப்பிடி அது. அதே வடிவத்தில் இன்று புதிதாகவும் செய்கிறார்கள். அதைப் பார்த்து வாங்குவதில் தவறில்லை, பழையது என்று விலை கொடுத்தால்தான் நட்டம். நட்டைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கட்டும். மேலே சொன்ன நிழல், துளையின் உள்ஓரத்துக் கருமை, தகடு புகும் பிளவின் அடியில் படிந்த பழைய அழுக்கு, மூன்றும் சேர்ந்து வர வேண்டும். கழற்ற மறுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: பல்லைச் சாய்க்கும்போது இரண்டு பல் ஒடிந்துவிட்டது. எஃகு கெட்டுப்போனதா?

எஃகில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. பல்லின் அடியிலிருந்து வளைத்திருப்பீர்கள். மேல் பாதியை மட்டும்தான் சாய்க்க வேண்டும், முன்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதே பக்கம். எதிர்ப்பக்கம் திருப்பினால் பழைய எஃகு ஒடியும். இரண்டு பல் போனால் கவலையில்லை, அடுத்தடுத்த கூர்ப்படுத்தலில் மெதுவாக வளர்ந்து வந்துவிடும். கூர்ப்படுத்த 8 முனைக்கு 6 அங்குல மெல்லிய மூணுமூலை அரம் போதும்.

கேள்வி (சென்னை): கடற்காற்றில் மறுபடி துரு ஏறுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்குப் பிடித்து அமிலமாகும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாகத் தடவுங்கள், அல்லது மரச்சாமானுக்குப் போடும் கட்டி மெழுகு. தகட்டைச் செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள், தாள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு போதும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகத் தீப்பிடிக்கலாம், விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.