முக்கால் ஒன்பது என்றால் எட்டே முக்கால்

கேள்வி: வெளிநாட்டில் வசிக்கும்போது, நேரத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் பார்வைக்கு எப்படிப் பழகிக்கொண்டீர்கள்?

ஐம்பது நிமிடம் தாமதமாகப் போய் நின்றுதான் பழகத் தொடங்கினேன்.

நான் சேலம் செவ்வாய்பேட்டைக்காரன். அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. 2016 முதல் 2022 வரை ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், கெம்னிட்ஸ் என்ற ஊரில் வேலை பார்த்தேன். ஒரு காலத்தில் நூற்பாலைகள் நிறைந்து 'சாக்சனியின் மான்செஸ்டர்' என்று பெயர் வாங்கிய ஊர் அது. இப்போது ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமனாரின் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், சக ஊழியர் ஒருவர் மறுநாள் கூட்டம் 'ஹால்ப் நொய்ன்' என்றார். ஹால்ப் என்றால் பாதி, நொய்ன் என்றால் ஒன்பது. ஒன்பதும் பாதியும் ஒன்பதரை என்று கணக்குப் போட்டு, 9:20-க்கே போய், பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்ட பெருமையோடு கதவைத் திறந்தேன். உள்ளே கூட்டம் முடிந்து காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் மொழியில் 'பாதி ஒன்பது' என்பது எட்டரை. ஒன்பதை நோக்கிப் போகும் மணியில் பாதி ஆகியிருக்கிறது என்று பொருள்.

சாக்சனியில் இது இன்னும் ஒரு படி மேலே. அங்கே 'கால் ஒன்பது' என்றால் 8:15, 'முக்கால் ஒன்பது' என்றால் 8:45. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஜெர்மானியர்கள் பலரே இந்தக் கால், முக்கால் கணக்கில் விழிப்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நாமும் காலும் அரையும் முக்காலுமாகத்தான் மணி சொல்கிறோம். ஆனால் எட்டு முடிந்துவிட்டது, அதற்கு மேல் முக்கால் சேர்ந்திருக்கிறது என்பது நம் எட்டே முக்கால். ஒன்பது என்ற குடத்தில் முக்கால் பங்கு நிரம்பிவிட்டது என்பது அவர்களுடைய முக்கால் ஒன்பது. நாம் கழிந்ததை வைத்துப் பேசுகிறோம், அவர்கள் வரப்போவதை வைத்துப் பேசுகிறார்கள். இதை வைத்துப் பெரிய தத்துவம் கட்ட எனக்கு ஆசைதான். ஆனால் அன்று நான் கட்டியது நடைமுறை ஒன்றைத்தான்: யார் எந்த நேரத்தைச் சொன்னாலும் இலக்கத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். முதல் ஓராண்டுக்கு உங்களுக்கும் அதையே சொல்வேன். வெட்கப்படாதீர்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் பலரும் 'நம்மவர்களுக்கு நேர ஒழுக்கம் கிடையாது, அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன்' என்று தொடங்குவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பா கடைக்காரர்களிடம் 'வெள்ளிக்கிழமை தருகிறேன்' என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று அவரும் சொல்ல மாட்டார், அவர்களும் கேட்க மாட்டார்கள். ஆனால் கல்யாணப் பெண்ணுக்குச் செய்யும் கொலுசு அவர் பட்டறையிலிருந்து ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. முகூர்த்தம் 4:30 முதல் 6:00 வரை என்றால், ஐந்து ஐம்பத்தெட்டுக்காவது தாலி ஏறிவிடும். ஆறு ஐந்துக்கு ஏறிய கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. அதே வீட்டில் முந்தைய நாள் மாலை வரவேற்பு 6:30 மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும். ஏழு மணிக்குப் போனால் நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரே அழைப்பிதழில் இரண்டு கடிகாரங்கள். எது எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். வெளியூர்க்காரனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஏற்காடு மலை ஏற வேண்டியவன் தொலைபேசியில் 'கோரிமேடு தாண்டிவிட்டேன்' என்றால், அவன் அதற்கு முன்னாலேயே வரும் அஸ்தம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான் என்று சேலத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிவதைப் போல.

அவர்களிடமும் இப்படிச் சொல்லாத கடிகாரங்கள் உண்டு. பல்கலைக்கழகத்தில் ஓர் உரை கேட்கப் போனேன். அறிவிப்பில் 18 மணி என்று போட்டு, பக்கத்தில் 'சி.டி.' என்ற இரண்டு எழுத்துகள். சரியாக ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தால் அரங்கில் நானும் பெருக்குபவரும் மட்டும். அந்த எழுத்துகளுக்கு, குறித்த நேரத்திலிருந்து கால் மணி கழித்துத் தொடங்கும் என்று பொருளாம். லத்தீன் காலத்து வழக்கம். அவர்கள் ரயில்வே கணக்கிலும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதம் தாமதமே அல்ல. ஆகவே, துல்லியமான இனம், துல்லியமில்லாத இனம் என்று யாராவது பிரித்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒவ்வொரு ஊரிலும் எதற்குக் கடிகாரம் இறுக்கம், எதற்குத் தளர்வு என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வது ஆறே மாதத்தில் பழகிவிட்டது. எனக்கு உண்மையில் கடினமாக இருந்தது முடிக்கும் நேரம். அதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.

முதல் ஆண்டு நான் தினமும் மாலை ஏழு வரை அலுவலகத்தில் இருப்பேன். சேலத்தில் அப்பா விளக்கு வைத்த பிறகும் பட்டறையில் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உழைக்கிறான் என்று பெயர் கிடைக்கும் என்று நினைத்தேன். நான்கு மணிக்குத் துறையே காலியாகிவிடும். மேலாளர் ஒருநாள் கூப்பிட்டு, வேலைச் சுமை அதிகமா, அல்லது திட்டமிடுவதில் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். அவர் அன்பாகத்தான் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று மணி நேரம் கூடுதலாக இருப்பவன் அவர் கண்ணுக்கு உழைப்பாளியாகத் தெரியவில்லை, வேலையை அடுக்கத் தெரியாதவனாகத் தெரிந்தான். சட்டமும் அவர் பக்கம்தான். ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 11 மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும். என் கூடுதல் மணிகளால் அவருக்குத்தான் தலைவலி. வேலை முடியும் அந்தப் பொழுதுக்கு அவர்களிடம் 'ஃபயரஆபண்ட்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. விழா மாலை என்று பிரித்துப் படிக்கலாம். வெறும் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு விழா என்று பெயர் வைத்தவர்கள்மேல் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

வீடுகளிலும் இதேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு அழைத்த குடும்பம், மூன்று முதல் ஐந்து வரை என்று எழுதியிருந்தது. வரச் சொல்லும்போதே போகும் நேரத்தையும் சொல்வார்களா? எனக்கு அது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைப் போல இருந்தது. நம் வீட்டில் விருந்தாளி நாற்காலியில் இருக்கும்போது ஒருமுறை 'போய்விட்டு வருகிறேன்' என்பார், வாசற்படியில் ஒருமுறை, வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை. மூன்றாவதற்குப் பிறகுதான் முக்கியமான செய்தியே வெளியே வரும். அங்கே ஐந்தாகும்போது யாராவது இரண்டு கைகளாலும் தொடையில் தட்டி 'ஸோ!' என்பார்கள். எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அந்தத் தட்டலை நான் முதலில் கவனிக்காமல் தேர் நின்றுபோன மாதிரி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பிறகு புரிந்தது: முடியும் நேரம் தெரிந்திருப்பதால் அந்த இரண்டு மணி நேரமும் யாரும் கைப்பேசியைப் பார்ப்பதில்லை, அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடுவதில்லை. அத்தனையும் உங்களுக்குத்தான். அதன் பிறகு எனக்கு அது தள்ளுவதாகத் தோன்றவில்லை.

பிறந்தநாள் வாழ்த்தில் ஒரு சறுக்கல். மறுநாள் விடுப்பில் போகிறேனே என்று தோழி ஒருவருக்கு முதல்நாளே வாழ்த்துச் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. முன்கூட்டி வாழ்த்துவது அங்கே அபசகுனம். இந்த விஷயத்தில் மட்டும் சீக்கிரம் வந்தால்தான் குற்றம்.

அம்மாவுக்குப் பழக்கப்படுத்தியது தனிக் கதை. அவர் தினமும் இரவு எட்டரைக்குக் கூப்பிடுவார். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம், அதனால் எனக்கு மாலை நான்கு. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், வித்தியாசம் மூன்றரையாகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு மறுபடி பழையபடி. இதைச் சொன்னபோது அம்மா, "இவர்கள் முள்ளை நகர்த்தினால் சூரியன் கேட்குமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாமும் முழுக்க யோக்கியர்கள் இல்லை. நம் நாட்டு நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, சேலம் இருப்பது ஏறத்தாழ 78-இல். அதனால் சேலத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகக் கடிகாரம் பன்னிரண்டு அடித்துப் பதினேழு நிமிடம் கழித்துத்தான். சேலத்துக்காரன் கால் மணி தாமதமாக வந்தால் அவன் சூரியனோடு வருகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கவலை ராகு காலம். நான் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில், தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்து, புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை வேண்டாம் என்றார். எந்த ஊர்ப் பன்னிரண்டு என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு கணக்குச் சொன்னார்: சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்குதானே ராகு காலம்? டிசம்பரில் அங்கே எட்டு மணிக்கு விடிந்து நான்கு மணிக்கு இருட்டுகிறது. ஆகவே ராகு காலம் ஒன்றரை மணி இல்லை, வெறும் ஒரு மணி நேரம். "நல்ல ஊர்தான்" என்று முடித்தார். பழகிக்கொள்வது எப்படி என்று கேட்கிறீர்கள் அல்லவா, அப்பா பழகிக்கொண்டது இப்படி.

திரும்பி வந்து தோட்டத்தில் உட்கார்ந்த பிறகு இரண்டு பழக்கமும் தேவைப்படுகிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழ வேண்டும், விழுந்தால் ஒரு வாரம் பத்து நாளில் காப்பிச் செடி வெள்ளையாகப் பூக்கும். அந்த மழைக்கு எந்த நாட்குறிப்பிலும் நேரம் குறிக்க முடியாது, வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஆனால் பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்க இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும். இரவு குவியலாகக் கிடந்தால் புளித்து, காப்பியில் நாற்றம் ஏறிவிடும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லும் எங்கள் மேஸ்திரி, அந்த விஷயத்தில் கெம்னிட்ஸ்காரர்களையே தோற்கடிப்பார்.

போன ஜனவரியில் கெம்னிட்ஸ் தோழி ஒருவர் (பிறந்தநாள்காரர்தான், மன்னித்துவிட்டார்) இங்கே வந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்து அக்கா அவரை நான்கு மணிக்குக் காப்பிக்கு அழைத்தார். நான் எவ்வளவோ இழுத்தடித்தும் 3:57-க்கு வாசலில் போய் நின்றோம். அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, உள்ளே ஓடி, கால் மணியில் பட்டுப்புடவையோடு வந்தார். வாழைக்காய் பஜ்ஜி, காப்பி, பேச்சு. ஆறு மணி ஆனதும் தோழி தொடையில் தட்டி 'ஸோ!' என்றார். அக்கா உடனே எழுந்து போய் இன்னொரு தட்டு பஜ்ஜி கொண்டுவந்து வைத்தார். ஏழு மணிக்கு மறுபடி 'ஸோ!' இந்த முறை முறுக்கு வந்தது. அப்புறம் தோழி தட்டவே இல்லை. தோசையும் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினோம்.

பனி இறங்கியிருந்தது. வெளிக்கதவு வரை வந்த அக்கா, தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வண்டியில் ஏறியதும், என்ன சொன்னார் என்று தோழி கேட்டார்.

"போய்விட்டு வாருங்கள் என்றார்."

"எப்போது?" என்று கேட்டு, தோழி பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தார்.